பாலையடிமுனை ஒல்லாந்தர்

கனகசிங்கம் பாலையடிமுனை உப தபாலகத்தில் போஸ்ட்மாஸ்டராக இருந்த காலம் முழுவதும், எங்கள் ஊரில் கடிதத்தை உடைத்துப் படிக்கவேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை. உறையைக் கையில் கொடுக்கும்போதே உள்ளே இருக்கும் செய்தியை அவர் வாயால் சொல்லிவிடுவார்.

"இந்தா யோகராணி, உன்ட புருசன் கட்டாரில வேலை மாறிட்டானாம். பொங்கலுக்கும் வரமாட்டானாம். அழாத கா."

யோகராணி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ஒட்டு ஒட்டினபடியே இருக்கும். கொஞ்சம் ஈரமாக மட்டும் இருக்கும்.

தபாலகத்தின் பின்னறையில் கேத்தில் எந்நேரமும் கொதித்துக்கொண்டிருந்தது. போஸ்ட்மாஸ்டருக்குத் தேநீரில் பிரியம் அதிகம் என்று ஊர் நாகரிகமாகச் சொல்லிக்கொண்டது. அவரைக் கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. செத்த வீட்டுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பார். சில வேளை வீட்டுக்காரருக்கே சாவு தெரியவருமுன் போய் நிற்பார், தந்தியைப் படித்தவர் அவர்தானே. மேலிடத்துக்குப் பெட்டிசம், அதாவது புகார் மனு, எழுதுகிறவர்கள் மட்டும் பக்கத்து ஊரான களுதாவளைக்கு நடந்துபோய் அங்கே தபாலில் போட்டார்கள்.

இந்த மனிதருக்குத்தான், ஓய்வுபெற்ற பிறகு, தன்னுடைய கதையை யாராவது ஒட்டுக்கேட்டுவிடுவார்களோ என்ற பயம் பிடித்தது.

மனைவி காலமாகிவிட்டாள். மூத்த மகள் தக்ஷாயினி கலியாணம் முடித்து லண்டனில். இளையவள் நிருஷா, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறாள். தகப்பனோடு வீட்டில் இருக்கிறாள். தக்ஷாயினி அனுப்பிய நல்ல போன் ஒன்று கனகசிங்கத்தின் சட்டைப் பையில் எப்போதும் பாதி வெளியே தெரியும்படி இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளோடு வாட்ஸ்அப்பில் கதைப்பது அவருக்குப் பூசை மாதிரி.

பெற்றோலுக்கும் கேஸுக்கும் சனம் வரிசையில் நின்ற வருடத்தில், ஆர்ப்பாட்டங்களுக்குப் பயந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அரசாங்கம் ஊரடங்கையும் போட்டு, பேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் மறித்துவிட்டது. கனகசிங்கம் போனைத் தட்டித் தட்டிப் பார்த்தார். லண்டன் எடுபடவில்லை. வீட்டு வளவுகளுக்குள்ளால் நடந்து, சந்தியில் போன் கடை வைத்திருந்த டிலக்சனின் பின்கதவைத் தட்டினார். முன்கதவு சட்டப்படி பூட்டியிருந்தது. பின்கதவுக்குள் பாதி ஊர் நின்றது. டிலக்சன் ஒவ்வொரு போனாக வாங்கி எதையோ ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"என்ன மனே செய்யிறாய்?"

"வீ.பி.என். போடுறன் ஐயா. இதுக்குள்ளால போனா ஒருத்தருக்கும் மறிக்க ஏலாது. பார்க்கவும் ஏலாது."

"பார்க்கவும் ஏலாதா?" கனகசிங்கத்தின் குரல் சற்றே மாறியது.

டிலக்சன் போனைத் திருப்பிக் கொடுத்தபோது திரையில் பச்சையாக ஒரு திறப்பு, சாவியின் படம், தெரிந்தது. பக்கத்தில் நெதர்லாந்து என்று எழுதியிருந்தது.

"இப்ப நீங்க அங்கதான் ஐயா இரிக்கிறீங்க. ஆர் பார்த்தாலும் நெதர்லாந்துக்காரன் ஒருத்தன் கதைக்கிறான் எண்டுதான் நினைப்பான்."

கனகசிங்கம் தன் சாரத்தையும் செருப்பையும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். வெளிநாட்டுக் கடிதங்களைக் காலம் முழுவதும் மற்றவர்களுக்கு எடுத்துக் கொடுத்த மனிதர். தான் ஒருமுறைகூடக் கடல் கடந்ததில்லை.

தடை அடுத்த நாள் விடியுமுன்னரே நீங்கிவிட்டது. பற்றரி குடிக்கிறது, போன் மெதுவாகிறது என்று மற்ற எல்லோரும் அந்த வீ.பி.என்.ஐக் கழற்றிவிட்டார்கள். கனகசிங்கம் கழற்றவில்லை. ஒரு பத்திரிகையில் பொது வைஃபை பற்றி வந்த கட்டுரையை வெட்டி எடுத்து, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து கலியாண வீடு, செத்த வீடு, சங்கக் கூட்டம் என்று எங்கே நாலு பேரைக் கண்டாலும் உபதேசம்தான். கோயில் திருவிழாக் கூட்டத்தில் பொருளாளரின் கையிலிருந்து மைக்கையே வாங்கிவிட்டார்.

"ஆஸ்பத்திரியிலயும் பஸ் ஸ்டாண்டிலயும் சும்மா கிடைக்கிற வைஃபையைக் கண்டா நாக்கைத் தொங்கப் போட்டுட்டு ஓடாதீங்க! அதே வைஃபையில களவாளியும் இரிப்பான். உங்கட போனில இருந்து போறத வழியில நிண்டு பார்ப்பான். கடைட பேரையே வைச்சுப் பொய் வைஃபை ஒண்டு துறந்து வைச்சிரிப்பான். வீ.பி.என். எண்டா ஒரு சுரங்கம். உள்ளுக்குள்ள என்ன போகுது எண்டு வெளியில இரிக்கிறவனுக்குத் தெரியாது!"

"கேத்தில் ஆவி பிடிச்சாலும் தெரியாதா மாஸ்டர்?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. கனகசிங்கத்துக்கு அது கேட்கவில்லை; அல்லது கேட்கவில்லை என்று முடிவு செய்துகொண்டார்.

அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. அதுதான் தொல்லை. சரியான ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்ட மனிதருக்கு அதற்கு மேல் எதையும் சொல்லிக்கொடுக்க முடியாது. நிருஷா முயன்று பார்த்தாள்.

"அப்பா, வீ.பி.என். நல்லதுதான். நானும் வெளியில போனாப் போடுறனான். ஆனா நீங்க வைச்சிரிக்கிறது சும்மா தாற ஒண்டு. அத நடத்துறவன் ஆரெண்டு தெரியுமா? வைஃபைல இரிக்கிறவன் பார்க்கக்கூடாது எண்டு எல்லாத்தையும் கொண்டுபோய் முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன்ட கையில குடுக்கிறீங்க. அவன் பார்த்தா?"

"அவன் ஏன் பார்க்கிறான்?"

"சும்மா தாறவன் மறுகா எதால சீவிக்கிறான்?"

"டிலக்சன் சொன்னான், இது நம்பர் வண் எண்டு."

"ஆளுக்கு ஆள் ஏத்திக் குடுத்தா அவனுக்குப் பொயின்ட்ஸ் வரும் அப்பா."

"நீ பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்குப் படிப்பி. எனக்குப் படிப்பிக்காத."

நிருஷா இதையே படித்துப் பட்டம் வாங்கியவள். டிலக்சன் சாதாரண தரப் பரீட்சைக் கணிதத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக் களைத்து, கடை போட்டவன். ஆனால் அவன் ஆண்பிள்ளை, கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் சுழல் கதிரையில் இருக்கிறான். அவளோ பள்ளிக்கூடம் விட்டு வந்து வீட்டில் சோறு ஆக்குகிறாள். எங்கள் ஊரில் சொல்லின் நிறை இந்தத் தராசில்தான் பார்க்கப்படுகிறது.

அந்த இலவச வீ.பி.என். கேட்காமலே விளம்பரங்களையும் காட்டியது. பிள்ளையார் கோயில் வீதியில் நின்று ஒருவருக்குப் பச்சைத் திறப்பைக் காட்டப் போக, அரைகுறை உடுப்போடு ஒரு வெள்ளைக்காரி எழும்பி வந்து, தனிமையில் இருக்கிறீர்களா என்று கேட்டாள். கனகசிங்கம் போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டார். அது சுரங்கத்துக்குள் வந்த ஆள் அல்ல, வெளியே போகிற ஆள் என்று விளக்கம் சொன்னார்.

மறுகா, அதாவது அதற்குப் பிறகு, வங்கி. வீ.பி.என். போட்டபடி வங்கியின் செயலிக்குள் அவர் காலையில் நெதர்லாந்திலிருந்து போனார், மத்தியானம் சிங்கப்பூரிலிருந்து போனார். வங்கி பயந்துபோய்க் கணக்கை மறித்துவிட்டது. கிளையிலிருந்து ஒரு பெண்பிள்ளை போன் எடுத்தாள்.

"ஐயா, நீங்க இப்ப வெளிநாட்டிலயா இரிக்கிறீங்க?"

"உங்களுக்கு எங்கயெண்டு காட்டுது?"

"நெதர்லாந்து எண்டு காட்டுது."

"அது சரி," என்றார் கனகசிங்கம், மாமரத்தடியில் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி. அடையாள அட்டையோடு நேரில் வந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். வேறு ஒருவர் என்றால் வெட்கப்பட்டிருப்பார். இவர் பஸ்ஸுக்குள்ளேயே, "பாங்குக்கே நான் எங்க இரிக்கிறன் எண்டு பிடிக்க ஏலல்ல" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது அவருக்கு ஒரு பட்டம் காத்திருந்தது. நெதர்லாந்துக்கு எங்கள் பக்கத்துப் பழைய பெயர் ஒல்லாந்து; அன்றிலிருந்து அவர் எங்கள் ஊருக்கு 'ஒல்லாந்தர்'. மட்டக்களப்பில் கோட்டை கட்டிய ஒல்லாந்தர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலத்துக்குப் பிறகு, பாலையடிமுனையில் ஒருவர் வந்து குடியேறியிருந்தார்.

கனகசிங்கம் வீட்டில் டேட்டாவைச் செலவழிக்க மாட்டார். மட்டக்களப்பு நகரில் வாவிக்கரையோரமாக றீட்டா என்ற பறங்கிப் பெண் ஒரு கூல் ஸ்பொட் வைத்திருக்கிறாள். பட்டிஸ், ரோல்ஸ், ஐஸ் கோப்பி, வைஃபை இலவசம். அங்கே போகிற பஸ் காசுக்கு வீட்டிலேயே டேட்டா போட்டிருக்கலாம். ஆனால் ஓய்வுபெற்ற மனிதருக்குப் போக ஓர் இடம் வேண்டும். அதிலும் உபதேசத்தை ஊர்க்காரர் முழுவதும் கேட்டு முடித்துவிட்ட மனிதருக்கு இன்னோர் ஊர் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அவர் வந்து காற்றாடிக்குக் கீழே உள்ள மேசையில் அமர்வார். ஒரு பிளேன்டி, பால் விடாத தேநீர். பாஸ்வேர்ட் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கும். ஆனாலும் றீட்டாவைக் கிட்டக் கூப்பிட்டு, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "பாஸ்வேர்ட் என்ன?" என்று கேட்பார்.

"சுவரில இரிக்கி மாஸ்டர்."

"சத்தமாச் சொல்லாதீங்க."

பிறகு வீ.பி.என்.ஐப் போடுவார். பச்சைத் திறப்பு வரும்வரை ஒரு விரலை உயர்த்தியபடி இருப்பார், மற்றவர்கள் மூச்சு விட்டால் சுரங்கம் இடிந்துவிடும் என்பது போல. றீட்டா ஒருநாள், "என்ட பூட்டன் ஒல்லாந்தில இருந்து கப்பலில வந்து சேர எத்தினையோ மாசம் எடுத்ததாம். நீங்க பிளேன்டி ஆற முதல் போய்ச் சேர்ந்திர்றீங்க" என்றாள். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

திறப்பு வந்ததும் லண்டனுக்கு அழைப்பு எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, போனை வாய்க்கு முன்னால் பட்டிஸ் மாதிரிப் பிடித்துக்கொண்டு, கத்தத் தொடங்குவார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அதை ஒத்துக்கொள்ள மாட்டார். லண்டன் தூரம் என்பார்.

அடுத்து வந்த தைமாதத்தில் வீட்டில் நிருஷாவின் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. களுதாவளையில் ஒரு நல்ல குடும்பம். மாப்பிள்ளை மதுரன், டோஹாவில் எஞ்சினியர். நிருஷாவும் அவனும் படம் பார்த்து, ஓரிரு தடவை வீடியோவில் கதைத்து, அவள் ஓம் என்று சொல்லியிருந்தாள். அவள் அப்படி லேசில் ஓம் சொல்கிறவள் அல்ல. மதுரனின் தாய் வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தாள். கனகசிங்கமும் வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூல் ஸ்பொட்டில் பெரிதாகச் சனம் இல்லை. பக்கத்து மேசையில் நடுவயதுப் பெண் ஒருத்தி, ஆஸ்பத்திரியில் உறவினர் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்து, ஐஸ் கோப்பி குடித்துக்கொண்டிருந்தாள். கனகசிங்கம் அவளை ஒரு முறை சந்தேகமாகப் பார்த்தார். அவளிடம் போன் இல்லை, கைப்பைதான் இருந்தது. ஆபத்தில்லை என்று முடிவு செய்தார்.

"ஓம் மகள், வீ.பி.என். போட்டிட்டன். இனி என்னத்தையும் கதைக்கலாம்!"

"களுதாவளைக்காரர் என்ன சொல்லுறாங்க அப்பா?" ஸ்பீக்கரில் தக்ஷாயினி.

"அவங்களுக்கு முழுச் சம்மதம். மதுரன் குணமான பொடியன்தான். தாய்தான் சரியில்ல. வாயைத் துறந்தாவெண்டா வாழைச்சேனைக் கடதாசி ஆலைச் சங்கு தோத்துப்போகும்."

"அப்ப முடிவு சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டன். சொன்னா என்ன? இப்ப வாழைச்சேனைப் பக்கம் ஒரு டொக்டர்ட கதை வந்திரிக்கி. அது சரிவந்தா, சாதகம் பொருந்தல்ல எண்டு சொல்லி டோஹாக்காரனக் கழட்டி விடலாம். சரிவராட்டி அவன் இரிக்கான்தானே. ரெண்டு தூண்டில் போட்டவன் ஒண்டு கொத்தினவுடனே மற்றத எடுப்பானா?"

றீட்டா ரேடியோவைக் கூட்டி வைத்தாள். கனகசிங்கம் கையைக் காட்டிக் குறைக்கச் சொன்னார். லண்டன் கேட்கவில்லையாம்.

"நிருஷாக்கு இது தெரியுமா அப்பா?"

"அவளுக்கு என்னத்துக்கு? டொக்டர் எண்டா எந்தப் பொம்புளப்புள்ள வேணாம் எண்டு சொல்லும்? நீயும் ஒருத்தருக்கும் வாய் விடாத. இந்தக் கதை நம்ம ரெண்டு பேருக்குள்ளதான்."

பக்கத்து மேசைப் பெண் ஐஸ் கோப்பியை ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தாள். காசு கொடுக்கும்போது றீட்டாவிடம், "அவர் பாலையடிமுனைக் கனகசிங்கமா?" என்று கேட்டாள். றீட்டா ஓம் என்றதும், வீட்டுக்கு நாலு பட்டிஸ் கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் காலையில் களுதாவளையிலிருந்து மதுரனின் தாய் போன் எடுத்தாள். ஸ்பீக்கர் போடாமலே வீடு முழுக்கக் கேட்டிருக்கும். நல்லகாலம் நிருஷா பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

"சாதகம் பொருந்தல்ல எண்டு நீங்க சொல்ல முதல் நாங்க சொல்லிர்றம். டொக்டரோட சந்தோசமா இரிங்க. மறுகா இன்னொண்டு அண்ணன், என்ட சத்தம் ஆலைச் சங்கு எண்டா உங்கட சத்தம் என்ன, குயிலா?"

கனகசிங்கம் வேர்த்துப்போய் உட்கார்ந்தார். சொல்லுக்குச் சொல் அப்படியே இருந்தது. தக்ஷாயினி சொல்லியிருக்க மாட்டாள். தான் சொல்லவில்லை. மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். வைஃபையில் யாரோ புகுந்துவிட்டான்.

நேரே டிலக்சனின் கடைக்குப் போனார். டிலக்சன் போனை வெளிச்சத்தில் பிடித்து, தட்டி, ஊதிப் பார்த்தான். அவனுக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் கடைக்காரன் அதை எப்படிச் சொல்வான்?

"இது சின்ன ஆக்கள்ட வேலை இல்ல ஐயா. உங்களுக்கு ஒரு வீ.பி.என். காணாது. இன்னும் ரெண்டு போடுவம்."

போட்டான். ஒன்றை இயக்கினால் மற்றது அணைந்தது. மற்றதை இயக்கினால் முதலாவது அணைந்தது. போன் சுட்டது. கனகசிங்கம் அதைக் கைலேஞ்சித் துணியில் சுற்றிக்கொண்டு மட்டக்களப்புக்குப் பஸ் ஏறினார்.

கூல் ஸ்பொட்டுக்குள் நுழைந்தவர் உட்காரவில்லை.

"றீட்டா, உங்கட வைஃபைல களவாளி இரிக்கான். என்ட குடும்ப ரகசியத்த எடுத்துப்போட்டான். நான் பொலிஸுக்குப் போகப்போறன்."

றீட்டா ரோல்ஸ் தட்டைக் கீழே வைத்தாள். "வைஃபைப் பெட்டி அந்தா, ஐஸ்பெட்டிக்கு மேல இரிக்கி மாஸ்டர். துறந்து பாருங்க, உள்ளுக்கு ஆரும் குந்தியிரிக்கானா எண்டு."

"பகிடி விடாதீங்க. நான் வீ.பி.என். போட்டுத்தான் கதைச்சனான். என்ட கதைய ஒருத்தரும் கேட்டிரிக்க ஏலா."

"நான் கேட்டன்," என்றாள் றீட்டா. "டொக்டர், டோஹாக்காரன், ரெண்டு தூண்டில், எல்லாம் கேட்டன். வாசல்ல நிண்ட ஓட்டோக்காரர் கேட்டார். வாவியில தோணியில இரிந்தவருக்கும் கேட்டிரிக்கும், காத்து அந்தப் பக்கம்தான் அடிச்சது. அந்த மேசையில ஐஸ் கோப்பி குடிச்ச மனுசி நல்லாக் கேட்டா. அவ மதுரன்ட பெரியம்மாவாம். நேத்துப் போகக்குள்ள எனக்குத் தெரியாது, இண்டைக்குக் காலையில களுதாவளை ஆக்கள் சொல்லித்தான் தெரியும்."

கடைக்குள் இருந்த இரண்டு பேர் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். கனகசிங்கத்தின் முகம் ஒரு கணம் வெறுமையாக இருந்தது. அந்தக் கணத்திலேயே ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போயிருந்தால் கதை அவ்வளவுதான். ஆனால் உபதேசிகளுக்குத் தலையாட்டத் தெரியாது.

"மற்றவன் கதைக்கிறத ஒளிச்சு நிண்டு கேக்கிறது வெக்கங்கெட்ட வேலை!" என்று கத்தினார். "மானமுள்ளவன் செய்வானா?"

குசினித் திரை விலகியது. எண்ணெய் வடியும் கண்ணகப்பையோடு யோகராணி வெளியே வந்தாள். புருசன் கட்டாரிலிருந்து வராமலே போய்விட, அவள் சில வருடங்களாக றீட்டாவிடம் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். கனகசிங்கம் வாரம்தோறும் வந்தும் அவளைக் கண்டதில்லை. குசினிக்குள் இருப்பவர்களை அவர் பார்ப்பதில்லை.

"என்ன சொன்னீங்க மாஸ்டர்? இன்னொருக்காச் சொல்லுங்க, கேப்பம்."

அவர் போனைச் சுற்றியிருந்த கைலேஞ்சியை இறுக்கினார்.

"என்ட புருசன் எழுதின ஒரு கடிதத்தையும் நான் முதல்ல படிக்கல்ல. அவர் எனக்கு எண்டு எழுதினது எல்லாம் உங்கட வாயில இரிந்துதான் எனக்கு வந்தது. அவர் இன்னொருத்தியோட இரிக்கார் எண்டதையும் தபால் கந்தோரில, எல்லாச் சனமும் நிக்கக்குள்ள, நீங்கதான் சொன்னீங்க. கடிதம் ஈரமாத்தான் இரிந்தது. நான் ஒரு சொல்லுக் கேக்கல்ல, நீங்க அரசாங்க உத்தியோகத்தர். நாங்க உங்கட கதைய ஒளிச்சுக் கேக்கல்ல மாஸ்டர். நீங்கதான் கூப்பிட்டு வைச்சுச் சொன்னீங்க."

அவள் திரும்ப உள்ளே போனாள். ரோல்ஸ் கருகத் தொடங்கியிருந்தது. கனகசிங்கம் றீட்டாவிடம், "பிளேன்டி வேணாம்" என்றார். அவருக்குப் பிளேன்டி யாரும் போட்டிருக்கவில்லை.

நிருஷாவுக்குச் செய்தி பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையிலேயே வந்துவிட்டது. கூடப் படிப்பிக்கிற ஒருத்திக்கு ஊர் களுதாவளை. வகுப்பை முடித்து, பட்டிருப்புப் பாலத்தால் பஸ்ஸில் வந்து, வீட்டுக்குள் ஏறி, கைப்பையை மேசையில் வைத்துவிட்டுத் தகப்பனுக்கு முன்னால் நின்றாள். கத்தவில்லை.

"வாழைச்சேனை டொக்டர்ட பேர் என்ன அப்பா?"

கனகசிங்கம் போனைச் சுற்றியிருந்த கைலேஞ்சியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "அந்த றீட்டாட வைஃபைல ஓட்டை இரிக்கி மகள். நான் அப்பவே..."

"ஓட்டை ஒண்டும் இல்ல. வாட்ஸ்அப் கோல் எப்பவும் பூட்டித்தான் போகும். அதுக்கு மேல நீங்க வீ.பி.என். எண்டு இன்னொரு பூட்டும் போட்டீங்க. வைஃபைல இரிந்து ஒருத்தனும் ஒண்டும் எடுக்கல்ல. வீட்ட நல்லாப் பூட்டிட்டு றோட்டில நிண்டு கத்தினா பூட்டு என்ன செய்யும்?"

"நான் உன்ட நல்லதுக்குத்தானே புள்ள..."

"மதுரன் வேணும் எண்டு நான் சொன்னன். நீங்களும் ஓம் எண்டீங்க. மறுகா எனக்கு இன்னொரு மாப்பிள்ளை பார்க்கிறீங்க எண்டு லண்டனுக்குத் தெரியும், றீட்டாக்குத் தெரியும், ஓட்டோக்காரருக்கும் தெரியும். பாஸ்வேர்ட எனக்கு மட்டும்தான் தரல்ல." அவளுக்குக் குரல் அங்கேதான் உடைந்தது. கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடுப்பு மாற்றப் போனாள். அன்று சோற்றைக் கனகசிங்கமே ஆக்கினார். குழைந்துபோனது.

டொக்டர் வீட்டாரும் கதையைக் கேட்டிருப்பார்கள், இனி வரமாட்டார்கள் என்றுதான் ஊர் நினைத்தது. வந்தார்கள். அதுவும் புதுக் காரில், வாழைக்குலையோடு. டொக்டரின் தகப்பனுக்குக் கனகசிங்கத்தில் மரியாதை கூடியிருந்தது. "ரெண்டு பக்கமும் வைச்சுப் பார்க்கிறதுதான் புத்தி. எங்களுக்கு அந்த மாதிரி ஆக்களத்தான் பிடிக்கும்" என்று முதுகில் தட்டினார். கனகசிங்கத்தின் முகத்தில் அந்தக் கிழமையில் முதன்முறையாக இரத்தம் ஓடியது.

நிருஷா தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போகாமல் எதிர்க் கதிரையில் அமர்ந்தாள்.

"டொக்டர், ஒண்டு கேக்கட்டா? இப்ப உங்கட கையில எத்தினை இடம் இரிக்கி?"

டொக்டர் தாயைப் பார்த்தார். தாய் வாழைக்குலையைப் பார்த்தாள். "அது எல்லாரும் பார்க்கிறதுதானே மகள்," என்றாள். "இதோட மூண்டுதான்."

"அப்ப மற்ற ரெண்டையும் நல்லாப் பாருங்க," என்றாள் நிருஷா. "தேத்தண்ணி ஆற முதல் குடிங்க."

கார் போன பிறகு கனகசிங்கம் அவளை ஏசவில்லை. ஏச வாயைத் திறந்தார் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். ஒன்றும் வெளியே வரவில்லையாம். வாழைக்குலையை மட்டும் அவர்கள் திருப்பிக் கொண்டுபோகவில்லை. அது பழுத்து, ஊர்ப் பிள்ளைகளுக்குப் போனது.

இப்போது கனகசிங்கம் றீட்டாவின் கடைக்குப் போவதில்லை. வீட்டில் டேட்டா போடுகிறார். சனம் கூடுகிற இடத்தில் உபதேசத்தை மட்டும் விடவில்லை. அதில் ஒரு புதுப் பகுதி சேர்ந்திருக்கிறது. "சும்மா தாற வீ.பி.என்.ஐ நம்பாதீங்க. சும்மா தாறவன் எதால சீவிக்கிறான் எண்டு யோசிங்க!" என்கிறார். தானே கண்டுபிடித்தது போலத்தான் சொல்கிறார். மகளின் பெயர் அதில் வருவதில்லை. யோகராணி வருகிற பஸ் என்றால் மட்டும், தனக்கு அவசரமில்லை என்று அடுத்ததுக்கு நிற்கிறார்.

நிருஷா அந்தக் கிழமையிலேயே மதுரனுக்கு எழுதினாள். நடந்ததில் தனக்குப் பங்கு இல்லை, ஆனாலும் வெட்கமாக இருக்கிறது, இவ்வளவுதான் எழுதினாள். இரண்டு நாளாகப் பதில் இல்லை. பிறகு வந்தது: தன் தாயின் சத்தத்தைப் பற்றி அவளுடைய தகப்பன் சொன்னது பொய்யில்லை என்று எழுதியிருந்தான். டோஹாவில் வாட்ஸ்அப் அழைப்பு ஒழுங்காக எடுபடாது, அதனால் எழுத்துத்தான். பள்ளிக்கூடம் போகும்போது பஸ் பட்டிருப்புப் பாலத்துக்கு ஏறினால் அவள் தலை போனில் கவிழும், படுவான்கரை இறக்கத்தில்தான் நிமிரும்.

களுதாவளையில் தாய் இன்னும் இறங்கி வரவில்லை. பெரியம்மாதான் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சமாதானம் செய்கிறாளாம். பொடிச்சி நல்லவள், அவளுக்கு ஒன்றும் தெரியாது, நான் என்ட காதால கேட்டன் என்று. வைகாசியில் மதுரன் லீவில் வருகிறான். தாயைச் சம்மதிக்க வைப்பது உங்கட வேலை, அதில் நான் தலையிட மாட்டன் என்று நிருஷா எழுதிவிட்டாள். இதையெல்லாம் தகப்பனுக்கு எப்போது சொல்வது என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.